கோராகு பிரசங்கத்தில் வாசிக்காமல் விடப்படும் வசனம்

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்துச் சேகரம் (ஒரு போதகரின் கீழ் வரும் சில ஊர்ச் சபைகள்) ஒன்றில் கமிட்டிக் கூட்டம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கோவில்களில் இந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆராதனை முடிந்து, ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார், சுற்றி ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலி, மேஜையில் எண்ணி ரப்பர் பேண்டு போட்ட காணிக்கைப் பணம், எவர்சில்வர் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் டீ. அன்றைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, போன அசனத்துக்கு அரிசி இருபத்திரண்டு மூடைன்னு கணக்குல இருக்கு. வண்டியில இருந்து இறக்கும்போது நான் நின்னேன். பதினெட்டுதான் இறங்குச்சு."

அசனம் தெரியாதவர்களுக்கு: வருடத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து கோவிலில் சமைத்துச் சாப்பிடும் பண்டிகை. வீட்டுக்கு வீடு வரி, வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம், நேர்ந்துகொண்ட ஆடு என்று எல்லாம் ஒரே அண்டாவில் விழும். அதனால் அசனக் கணக்கு என்பது கோவில் கணக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு குடும்பத்தின் மானமும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

ஐயர் "பார்க்கலாம், ஜெபத்தோடு முடிப்போம்" என்றார். முடிந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்க வாக்கியம் எண்ணாகமம் 16. மோசேக்கு எதிராக எழும்பிய கோராகு, தாத்தான், அபிராம். பூமி தன் வாயைத் திறந்து அவர்களை விழுங்கியது. அந்த வசனம் வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்துகூட நாலைந்து தலைகள் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன. அண்ணாச்சி பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து அடுத்த ஊரில் தகரக் கொட்டகை போட்டு நடக்கிற ஒரு சுயாதீன சபைக்குப் போகத் தொடங்கினார், கூடவே இரண்டு மகன்களின் குடும்பமும்.

இந்தக் கோராகு பிரசங்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று வித்தியாசம் இல்லாமல் எல்லா இடத்திலும் ஊழியக்காரரைக் கேள்வி கேட்டவர்களுக்கு வைத்திருக்கும் தயார் மருந்து அது. இதற்குத் துணையாக இன்னொரு வசனம், சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்று தொடங்குவது. பலருக்கு இது மனப்பாடம். அதற்கு மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அங்கே சொல்லப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தார்: கொஞ்சத் தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்கள், பரதேசிகள், ஊர் ஊராகத் திரிந்தவர்கள். அவர்களைத் தொடாதே என்று கடிந்துகொள்ளப்பட்டவர்கள் ராஜாக்கள். அதாவது அதிகாரம் உள்ளவன் அதிகாரம் இல்லாதவன்மேல் கை வைக்காதே என்பதுதான் அங்கே பேச்சு. மைக்கும் மேடையும் சபைப் பணமும் வைத்திருப்பவர் அதை எடுத்துக் கேள்வி கேட்ட ஓய்வூதியக்காரரைப் பார்த்துச் சொன்னால் வசனம் தலைகீழாகிவிடுகிறது.

தன்னைக் கொல்லத் துரத்திய ராஜா சவுலைக்கூட, அபிஷேகம் பெற்றவர் என்பதால் தாவீது தொடவில்லையே என்பார்கள். தொடவில்லைதான். ஆனால் சால்வைத் தொங்கலை அறுத்து எடுத்துக்கொண்டு, குகையை விட்டு வெளியே வந்து, சவுலின் ஆட்களும் கேட்கும்படி, "நீர் செய்வது அநியாயம்" என்று சத்தம்போட்டுக் கேட்டவனும் அதே தாவீதுதான். கத்தி வைக்கக் கூடாது என்பதும் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் ஒன்றில்லை.

கோராகு அதிகாரத்துக்கே வருவோம், ஏனென்றால் நான் சொல்ல வந்ததே அங்கேதான் இருக்கிறது. எண்ணாகமம் 16:15. மோசேக்குக் கடுங்கோபம். அந்தக் கோபத்தில் அவர் கர்த்தரிடம் சொல்வது, அவர்களுடைய ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்பது. பூமி வாயைத் திறப்பதற்கு முன்பே கணக்கு ஒப்புவிக்கப்பட்டுவிட்டது! சாமுவேலும் பதவியிலிருந்து விலகும்போது ஜனங்களைக் கூட்டி, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று தானே கேட்கிறார். பவுல் எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோனபோது, ஒருவரும் குற்றப்படுத்தக் கூடாது என்பதற்காகச் சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைக் கூட வைத்துக்கொண்டார், அதை 2 கொரிந்தியர் 8இல் எழுதியும் வைத்தார். யாரும் இவர்களை அபிஷேகம் குறைந்தவர்கள் என்று சொல்லிவிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கோராகு பிரசங்கங்களில் கழுதை வசனம் மட்டும் எப்படியோ வாசிக்கப்படாமல் போய்விடுகிறது.

விமர்சனத்தைச் சபை எப்படிக் கையாண்டது என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் முதலில் கிடைக்கிற உதாரணம் அப்போஸ்தலர் 6. அதுவும் சாப்பாட்டு விவகாரம்தான், அசனத்துக்குத் தூரத்துச் சொந்தம். கிரேக்க மொழி பேசிய யூத விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாக வரவில்லை என்று முறுமுறுப்பு. முறுமுறுப்பு என்ற சொல்லுக்கு வேதத்தில் நல்ல பெயர் கிடையாது. வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் கதி என்ன என்று ஒரு பிரசங்கம் வைத்து அப்போஸ்தலர்கள் அன்றைக்கே கதையை முடித்திருக்கலாம். பதிலாகச் சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். எபிரெயர் பக்கம் உண்மையிலேயே தப்பு செய்ததா, வேண்டுமென்றே விட்டார்களா, கூட்டம் பெருகினதால் வந்த குழப்பமா என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் நேரம் செலவழித்த மாதிரி தெரியவில்லை.

சரி, அது எருசலேம், எல்லோரும் பெந்தெகொஸ்தே அனுபவம் பெற்ற சூடு தணியாதவர்கள் என்று சொல்லலாம். நம் மண்ணில் என்ன நடந்தது என்று பார்ப்போம். திருநெல்வேலிச் சபைச் சரித்திரத்தில் இதற்கான பாடம் நூறு வருஷத்துக்குள் மூன்று நான்கு தடவை வந்து போயிருக்கிறது.

ரேனியஸ் ஐயர் பிரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர். லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர், ஆனால் அவரை அனுப்பியது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கம். 1814இல் சென்னை, 1820இல் பாளையங்கோட்டை. அடுத்த பதினைந்து வருஷத்தில் அவர் செய்த வேலை சாதாரணமானதில்லை: கிராமம் கிராமமாகச் சபைகள், பள்ளிக்கூடங்கள், ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் உபதேசியார்களுக்குப் பயிற்சி, தமிழ் இலக்கணம், வேதாகமத் திருத்தம், கிறிஸ்தவர்களானதால் விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றத் தர்ம சங்கம். களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூர்கூட அவருக்கு உதவிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரைச் சுமக்கும் ஊர்தான்.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில். பேராயர் (பிஷப்) தலையில் கை வைத்து ஜெபித்தால்தான் பட்டம் என்றது சங்கம். எனக்குப் பேராயர் கை வைக்கவில்லையே, நான் குரு இல்லையா என்பது ரேனியஸின் நிலை. வருஷக்கணக்கில் கடிதம் போனது, வந்தது. லண்டனுக்குக் கப்பலில் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் இங்கே ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். இதற்கு நடுவில் இங்கிலாந்துத் திருச்சபையைப் பற்றி வந்த ஒரு புத்தகத்துக்கு அவர் மதிப்புரை எழுதினார். அந்தத் திருச்சபையின் அமைப்பையும் முறைகளையும் வெளிப்படையாக விமர்சித்தார். அது அச்சில் வந்தது. 1835இல் சங்கம் அவரோடிருந்த தொடர்பைத் துண்டித்தது.

இதில் சங்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சம்பளமும் பணமும் அனுப்புகிற சபையை அச்சில் போட்டுக் குறை சொன்னால் எந்தச் சங்கம் பேசாமல் இருக்கும்? ஆனால் விளைவைப் பாருங்கள். ரேனியஸ் ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார். இங்கிருந்த உபதேசியார்கள் விடவில்லை, திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், அவரும் வந்தார். வந்ததும் திருநெல்வேலி மிஷன் இரண்டானது. லண்டனில் எடுத்த முடிவையோ பேராயர் அதிகாரம் பற்றிய வாதத்தையோ கேள்விப்பட்டே இராத பனையேறிக் குடும்பங்கள், நீ ரேனியஸ் ஐயர் பக்கமா, சங்கத்தின் பக்கமா என்று பிரிந்து நின்றார்கள். 1838 ஜூன் மாதம் ரேனியஸ் பாளையங்கோட்டையில் இறந்தார். 47 வயது. அதற்குப் பிறகு அவரோடு நின்ற மிஷனரிகள் சமாதானமாகிச் சங்கத்துக்கே திரும்பினார்கள். ஒரு ஆள் சாகும்வரை முடியாத சமாதானம், அவர் செத்தபின் முடிந்தது.

அந்த ரேனியஸையே தஞ்சாவூரிலிருந்து ஒருவர் விமர்சித்துக்கொண்டிருந்தார் என்பது இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி. வேதநாயகம் சாஸ்திரியார். பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சாவூர் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்த கவிராயர். புதிதாக வந்த மிஷனரிகள்மேல் அவருக்கு வரிசையாகக் குறைகள். பழைய ஜெர்மன் மிஷனரி பப்ரிஷியஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தைக் கைவைத்துத் திருத்துகிறார்கள், தமிழ்ப் பாட்டையும் கீர்த்தனையையும் மதிப்பதில்லை, பண்டிகைக்குப் பூ வைப்பதைக்கூடக் குற்றம் பார்க்கிறார்கள், கோவிலில் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை மாற்றச் சொல்கிறார்கள். இவ்வளவையும் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். கடைசிக் குறை மற்றதோடு சேராது. பாட்டு விஷயத்தில் சாஸ்திரியார் சொன்னதுதான் சரி என்று காலம் காட்டிவிட்டது, அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் இன்று தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் கல்யாணமும் இல்லை, அடக்கமும் இல்லை. மொழிபெயர்ப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் பேச இடமுண்டு. லுத்தரன் சபையார் வெகுகாலம் பப்ரிஷியஸை விடாமல் பிடித்திருந்தார்கள். ஆனால் சாதிப்படி உட்காருவது தப்பு, அதில் சாஸ்திரியார் பக்கம் நிற்க முடியாது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையை உடனே முற்றாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபை கொதித்தது. அந்தக் கொதிப்பில் கீர்த்தனையும் பூவும் நாற்காலியும் எல்லாம் ஒரே மூட்டையாகிவிட்டன. மிஷனரிகளுக்கு அந்த மூட்டை முழுக்க "பழைய ஆட்களின் பிடிவாதம்", சாஸ்திரியார் தரப்புக்கு அது முழுக்க "நம் மரியாதை". மூட்டையை அவிழ்த்து, இது உங்கள் பக்கம் சரி, இது முடியாது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆள் இல்லை. இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. டிரம்ஸ் சத்தம் அதிகம் என்பவரும், கட்டட நிதிக்கு ரசீது எங்கே என்பவரும், பிரசங்கத்தில் சொன்ன உபதேசம் வேதத்தில் இல்லை என்பவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் போதும், "அவர் எப்பவுமே அப்படித்தான்" என்று ஒரே வாக்கியத்தில் மூன்றும் தள்ளுபடி. டிரம்ஸ் ரசனை, விட்டுக்கொடுக்கலாம். ரசீது கணக்கு, காட்டியாக வேண்டும். உபதேசத்துக்கு வேதத்தைத் திறந்து உட்கார வேண்டும், பெரோயா பட்டணத்தார் பவுலையே அப்படித்தான் சோதித்துப் பார்த்தார்கள், அதற்காக அவர்களுக்கு நற்குணசாலிகள் என்று பெயர் கிடைத்தது.

அடுத்தது 1857. நாசரேத்து, சாயர்புரம் பக்கம் கிறிஸ்தவம் நன்றாக வேரூன்றிவிட்ட காலம். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் ஐயர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல், 1849இல் தம் சபை மக்களான நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டிருந்தார். மக்களுடைய பழக்கவழக்கம், அறிவுநிலை, குணம் எல்லாம் இப்படி இப்படி என்று, தாழ்த்திப் பேசும் தொனியில். அது இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. எழுதப்பட்டவர்கள் அதைப் படிப்பார்கள் என்று யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை. (இன்றைக்கு வெளிநாட்டுக்குப் போகிற சில ஜெபக் கடிதங்களையும் அவற்றில் வரும் போட்டோக்களையும் பார்க்கும்போது எனக்கு இந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும். படத்தில் இருக்கும் பாட்டிக்கு அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்துக் காட்ட நமக்குத் தைரியம் இருக்கிறதா?)

படித்துவிட்டார்கள். அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, சாயர்புரத்தில் மிஷனரிகளிடமே படித்த கெட்டிக்காரர், நாசரேத்து மிஷனரியோடு ஏற்பட்ட பிணக்கில் வேலையை இழந்திருந்தார். வெள்ளைக்காரக் குருவும் வேண்டாம், வெள்ளைக்காரன் பணமும் வேண்டாம் என்று நாசரேத்துக்குப் பக்கத்தில் மூக்குப்பீறி, பிரகாசபுரம் வட்டாரத்தில் 1857இல் தனிச்சபை ஆரம்பித்தார். இந்துக் கிறிஸ்தவ சபை, ஏக இரட்சகர் சபை என்றெல்லாம் அதற்குப் பெயர். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், பட்டம் பெற்ற குருமார் கிடையாது. மிஷனரிகள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில், வெளியிலிருந்து ஒரு காசு வாங்காமல் இந்தியக் கிறிஸ்தவர்கள் தாங்களே நடத்திய சபை என்று எண்ணினால் அது முன்வரிசையில் நிற்கும். அந்தப் புத்தகம் கிளப்பிய கோபமும் லேசில் அடங்கவில்லை, பல வருஷம் கழித்துப் படித்த இளைஞர்கள் மனு மேல் மனு போட்டு எதிர்த்தார்கள். கால்டுவெல் கடைசியில் அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இப்போது அந்த ஊர்களிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள வெள்ளாளன்விளைக்கு வாருங்கள். 1874இல் அங்கே ஒரு குருவானவர் வீட்டில் பிறந்தவர் அசரியா. வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு, ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள், அதில் இந்தியா, சீனா, ஜப்பான் எல்லாம் சேர்த்தாலும் ஆசிய முகங்கள் இருபதைத் தாண்டாது. 35 வயது அசரியா அந்த மேடையில் ஏறி, மிஷனரிகளுக்கும் நாட்டு ஊழியர்களுக்கும் நடுவில் இருக்கும் உறவு சரியில்லை என்றார். ஏழைகளுக்குப் போஜனம் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று முடித்தார். 1 கொரிந்தியர் 13ஐ எடுத்து மிஷனரிகள் முன்னாலேயே பிடித்த கண்ணாடி அது. கூட்டத்தில் பலருக்கு முகம் சிவந்தது, கோபப்பட்டவர்களும் உண்டு. இரண்டு வருஷம் கழித்து, 1912 டிசம்பரில், கல்கத்தாவில் அதே அசரியாவுக்குப் பேராயர் பட்டம். ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபில், முதல் இந்தியப் பேராயர்.

சட்டாம்பிள்ளையும் அசரியாவும் சொன்னதில் அப்படியென்ன வித்தியாசம்? எங்களைச் சமமாக நடத்தவில்லை என்பதுதான் இரண்டிலும் அடிநாதம். ஒருவருக்குப் பேச இடம் வீதியில்தான் கிடைத்தது, இன்னொருவருக்கு மேடையில் கிடைத்தது. அசரியாவின் பேச்சு நயமாக இருந்தது உண்மை, சட்டாம்பிள்ளைக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்பதும் உண்மை, ஆனால் நயமாகப் பேசினதால் மட்டும் அந்த மேடை கிடைத்துவிடவில்லை. சென்னைப் பேராயர் வைட்ஹெட் போன்றவர்கள் இவரை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று முடிவெடுத்து, எதிர்ப்பு வந்தபோதும் பின்வாங்காமல் நின்றார்கள். விமர்சிக்கிறவனுக்கு நாற்காலி போடுவது அதிகாரத்தில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் போதனையோ பெரும்பாலும் விமர்சிக்கிறவனுக்கே: தாழ்மையாகச் சொல், ஜெபித்துவிட்டுச் சொல், தனியாகச் சொல்.

தனியாகச் சொல் என்பதற்கு மத்தேயு 18ஐக் காட்டுவார்கள். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் தனித்துப் போய்ச் சொல் என்று அங்கே இருப்பது இருவருக்குள் நடந்த காரியத்துக்கு. பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியில் இருந்துவிட்டு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டாரே, அது எல்லோர் கண்முன்னும் நடந்தது. பவுல் எல்லோர் முன்பாகவும் கேட்டார். முகமுகமாய் எதிர்த்தேன் என்று எழுதவும் செய்தார். ஊரறிய நடந்ததை ரகசியமாக விசாரிக்கச் சொன்னால் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவனுக்கு என்ன பதில்? பேதுருவோ பின்னாளில் தம் நிருபத்தில் பிரியமான சகோதரனாகிய பவுல் என்கிறார். அந்த நிருபத்தை எழுதியது அவர்தானா என்று வேதபண்டிதர்கள் வாதாடுவார்கள், அது கிடக்கட்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். விமர்சனம் என்று வருவதெல்லாம் அப்போஸ்தலர் 6 இல்லை. மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்கள், திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழ் வரும் வட்டாரம்) தேர்தலில் தங்கள் அணி தோற்றதால் ஐயர்மேல் கதை கட்டுகிறவர்கள், எந்த ஊழியக்காரர் பெயரைப் போட்டால் வீடியோ ஓடும் என்று பார்த்து வாரத்துக்கு ஒருவரை வெளுக்கிறவர்கள், இவர்களை எல்லாம் பார்த்துக் களைத்துப்போன நல்ல போதகர்கள் இருக்கிறார்கள். ஒரு ஐயரம்மா, கடையில் மீன் வாங்கினால்கூட "ஐயர் வீட்டில் வஞ்சிரமாம்" என்று பேச்சு வரும் என்பதால் சாளையே வாங்குவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சிரிப்பு முழுதாக இல்லை. இதற்காகத்தான் 1 தீமோத்தேயு 5இல் இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பன்மேல் குற்றச்சாட்டை ஏற்காதே என்று பவுல் வேலி போடுகிறார். அடுத்த வசனத்திலேயே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். போதகர்கள் முதல் வசனத்தை மேற்கோள் காட்டுகிறார்கள், எதிர் அணி இரண்டாவதை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், சாட்சியை விசாரிக்கவும் தீர்ப்பைச் சொல்லவும் நம்பிக்கையான ஒரு இடம் சபைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆகிறது. அந்த இடம் இல்லாததால்தான் திருமண்டல வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போகின்றன, ஓய்வுபெற்ற நீதிபதி வந்து சபையை நிர்வகிக்க வேண்டியதாகிறது. ஸ்தாபகர், அவர் மனைவி, மகன் மூவருமே டிரஸ்டிகளாக இருக்கும் சுயாதீன ஊழியங்களில் அந்த வழியும் இல்லை. அங்கே கருத்து வேறுபாடு என்றால் நேரே வாசல்தான்.

சேர்ந்திருந்தே கருத்து வேறுபட முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. 1919இல் தரங்கம்பாடியில் சில இந்திய ஊழியர்கள் கூடி, அசரியாவும் அதில் இருந்தார், தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். முட்டுக்கட்டை எது தெரியுமா? ரேனியஸை வெளியே தள்ளிய அதே கேள்வி: பேராயர் கை வைக்காத குரு, குருதானா? இந்தத் தடவை யாரும் யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. கமிட்டி போட்டார்கள், பேசினார்கள், முறித்தார்கள், திரும்பப் பேசினார்கள், 28 வருஷம். அசரியா முடிவைப் பார்க்காமலே 1945 ஜனவரி 1இல் இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எட்டிய முடிவு என் கண்ணுக்கு மிக அழகானது. இனிமேல் பட்டம் பேராயர்களால்தான், ஆனால் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு மறுபட்டம் தேவையில்லை; எந்தச் சபையின் மனச்சாட்சிக்கும் விரோதமாக ஒரு குருவை அவர்கள்மேல் திணிக்கக் கூடாது; முப்பது வருஷம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்வோம். கருத்து வேறுபாட்டைத் தீர்த்துவிட்டோம் என்று யாரும் பொய் சொல்லவில்லை. அதற்கு ஒரு அறை ஒதுக்கி, அது வீட்டுக்குள்ளேயே வயதாகட்டும் என்று விட்டார்கள். நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் பல அப்போதும் சேர மாட்டோம் என்றன. சேரவில்லை. யாரும் கோராகு பிரசங்கம் வைத்து அவர்களை விழுங்கச் சொன்னதாக நான் படித்ததில்லை.

அரிசிக் கதைக்கு மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்த ஐயர் மாற்றலாகிப் போய், அடுத்து வந்தவர் அலமாரியை ஒதுங்கவைக்கும்போது, கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் அசன ரசீதுகள். இருபத்திரண்டு மூடையும் வாங்கியதுதான். நாலு மூடையை வண்டி வருகிற வழியிலேயே சேகரத்துப் பிள்ளைகள் விடுதியில் இறக்கியிருக்கிறார்கள், அதற்கு முந்தைய அசனத்தில் கடனாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க. விடுதி வார்டன் கையெழுத்தும் தேதியும் இருந்தது. அவ்வளவு நாள் ஏன் இதைக் காட்டவில்லை என்று புது ஐயர் கேட்டதற்குக் கோயில்பிள்ளை சொன்னார், "யாரும் எங்கிட்ட கேக்கலையே ஐயா."